‘ஆவட்டுங்க’ என்றால் சம்மதம்

நான் எழுதியவற்றில் மிக அதிக முறை வாசிக்கப்பட்ட வாக்கியம் இதுதான்: ‘சரி, ஓகே, ஆவட்டுங்க போன்ற சொற்கள் ஓட்டுநரின் சம்மதத்தைக் குறிக்கும்.’ வாசித்தது மனிதர்கள் இல்லை. ஒரு மென்பொருள் வாசித்தது. ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் ஒரு தடவை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும். வாக்கியம் பொய். பொய் என்று தெரிந்துதான் தட்டச்சு செய்தேன். அதை நம்பி பரமத்தி வேலூர்க்காரர் ஒருவர் ஓய்வில்லாமல் லாரி ஓட்ட அனுப்பப்பட்டார், இடது பாதத்தை இழந்தார். அவர் தன் சம்மதத்தோடுதான் போனார் என்று இப்போது ஒரு கோப்பு சொல்கிறது. கோப்புக்கு ஆதாரம் என் வாக்கியம்.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரு வரிசையே வைத்திருக்கிறேன். அதில் யாரை முதலில் நிறுத்துவது என்பதைத்தான் தினமும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே யாருடைய பல்லையாவது துளைக்கிற சத்தம் நாள் முழுக்க கேட்டுக்கொண்டே இருக்கும். லாரி ஆபீஸ், போர் போடுகிற ரிக் வண்டி ஆபீஸ், நூல் மில் என்று சுற்றுவட்டாரத் தொழில்களுக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்று எழுதித் தருவது என் வேலை. இருபது வருஷமாக எழுதுகிறேன், ஒருத்தரும் படித்ததில்லை. சும்மா சொல்லவில்லை, சோதித்தே பார்த்திருக்கிறேன். ஒரு கையேட்டின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், ‘இந்த வரியைப் படிப்பவர் எனக்குப் போன் செய்தால் அரைக்கிலோ மைசூர்பாகு வழங்கப்படும்’ என்று எழுதி என் எண்ணையும் போட்டேன். அந்தக் கையேடு ஐந்து வருஷம் புழக்கத்தில் இருந்தது. இன்று வரை நான் யாருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்ததில்லை.

அப்புறம் ஏஜென்ட் வந்தது. நாமக்கல்லில் ஏஜென்ட் என்றால் லாரிக்கு லோடு பிடித்துத் தருகிற மனுஷர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன், வாயில் பாக்கு. இது வேறு. சொன்னதைப் புரிந்துகொண்டு தானாகவே வேலை பார்க்கிற செயற்கை அறிவு. ஓட்டுநருக்கு அதுவே போன் போடும், தமிழில் பேசும், அவர் சொல்லும் பதிலைக் கேட்டு, கணினியில் அதற்கான கருவியை எடுத்து இயக்கும். லாரியை ஒதுக்க ஒரு கருவி, பயணத்தை உறுதி செய்ய ஒரு கருவி, வண்டிப் பழுதைப் பதிய ஒரு கருவி. எந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று அதற்கு யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்யும். எழுதாமல் விட்டதைத் தன் இஷ்டத்துக்கு ஊகித்துக்கொள்ளும். அந்த எழுத்து வேலை என்னிடம் வந்தது.

கொண்டு வந்தவர் எங்கள் மேனேஜர். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவேன். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். நான் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் பிறந்தவள். இரண்டு பேரும் அலுவலகத்தில் ‘ஊடு’ என்று வாய் தவறிச் சொல்லிவிடாமல் ‘வீடு’ என்று சொல்லப் பழகிக்கொண்டவர்கள். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. சோதனை அழைப்புகளில் ஓட்டுநர்கள் பேச்சை முடிக்கும்போது “வாரேனுங்க” என்று சொல்லி போனை வைத்தார்கள். எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லி விடைபெற மாட்டோம். ஏஜென்டுக்கு அது எப்படித் தெரியும்? வருகிறேன் என்கிறார்களே என்று அத்தனை பேரையும் வருகைப் பட்டியலில் சேர்த்து, குடோனில் லோடு ஏற்றுகிற இடத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டது. அகமதாபாத்தில் நிற்கிற லாரிக்கு நாமக்கல்லில் இடம் பிடித்துக் காத்திருந்தது. நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘பேச்சின் முடிவில் வரும் வாரேன் என்ற சொல் விடைபெறுவதைக் குறிக்கும், வருகையாகப் பதியாதே.’ அடுத்த அழைப்பிலேயே சரியாகிவிட்டது.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. இருபது வருஷம் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு காது கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தையை எடுத்தால் அதன் நடத்தை மாறுகிறது, ஒரு வார்த்தையைப் போட்டால் மாறுகிறது. இத்தனை கவனமாக என்னை யாரும் கேட்டதில்லை, என் வீட்டில் கூட. அந்தக் குஷியில்தான் நாமக்கல்லுக்குப் போனேன்.

இந்த ஏஜென்டை முதலில் வாங்கச் சம்மதித்தது நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ். அங்கே ஓட்டுநர்களுக்கு டிரிப் சொல்லுகிற வேலையை ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மேஜை மேல் இரண்டு போன், ஒரு நீள நோட்டு, காதில் செருகின பேனா. அவள் செய்வதையெல்லாம் ஏஜென்ட் செய்ய வேண்டும், ஆகவே அவள் செய்வதையெல்லாம் நான் எழுத வேண்டும். நான்கு நாள் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

“ஏனுங்கக்கா, எல்லாத்தையும் எழுதிக்கிட்டீங்கன்னா அப்பறம் நான் எதுக்குங்க?” என்று முதல் நாளே கேட்டாள்.

“உங்களுக்கு வேலை சுலபமாகுமுங்க” என்றேன். மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்த பதில்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “நல்லாத்தான் சொல்றீங்க” என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னாள். அதற்கப்புறம் எதையும் மறைக்கவில்லை. கேட்டதையெல்லாம் சொன்னாள், கேட்காததையும் சொன்னாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் நோட்டையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஓர் ஓட்டுநருக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். நாக்பூரிலிருந்து வந்து சேலத்தில் சரக்கை இறக்கியிருந்தவர்.

“அண்ணா, எறக்கியாச்சுங்களா?”

“எறக்கியாச்சு அம்மிணி.”

“விஜயவாடாவுக்கு ஒரு லோடு நிக்குதுங்க. மத்தியானமே எடுக்கோணும். போறீங்களா?”

அந்தப் பக்கத்தில் வண்டிக் கதவை அடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “ஆவட்டுங்க” என்றார்.

நான் என் நோட்டில் ‘சம்மதம்’ என்று எழுதினேன். அவளோ, “சரிங்கண்ணா, நீங்க ஊட்டுக்குப் போயி ஒறங்குங்க, நாளைக்குப் பேசிக்கலாம்” என்று போனை வைத்துவிட்டு அடுத்த ஆளின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.

“அவர்தான் ஆகட்டும்னு சொன்னாரே?” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஏனுங்கக்கா, உங்களுக்கு எந்தூருங்க?”

சொன்னேன்.

“அந்தூர்ல பொறந்துட்டா இதக் கேக்கறீங்க? மொதலாளி ஆபீசுல இருந்து போன் வந்தா எந்த டிரைவருங்க முடியாதும்பாரு? முடியாதுங்கறதுக்கு அவிக வெச்சிருக்கற வார்த்தைதானுங்க ஆவட்டுங்க. நெசமாப் போறவரு ஒரு கேள்வி கேப்பாரு. என்ன சரக்கு, எத்தன டன்னு, எங்க ஏத்தறது, ஏதாச்சும் ஒண்ணு கேப்பாரு. கேள்வி கேட்டாருன்னா வண்டி கெளம்பிருமுங்க. ஆவட்டுங்கன்னு மட்டும் சொல்லி நிறுத்திட்டாருன்னா அவரால முடியல. அத நாமதான் புரிஞ்சுக்கோணும்.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. எனக்குத் தெரியாததா இது? என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரிடம் என் அப்பா ‘ஆவட்டுங்க’ என்றுதான் சொன்னார். அவர்களும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள், மறுபடி வரவில்லை, யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை. மூன்றாவதாக வந்தவர்களிடம்தான் ‘பையனுக்கு எத்தன மணிக்கு டூட்டிங்க?’ என்று கேட்டார். அந்தப் பையனைத்தான் கட்டிக்கொண்டேன். இந்தச் சொல்லுக்குள்ளேயே வளர்ந்தவள் நான். நோட்டும் பேனாவும் கையில் வந்ததும் மறந்துபோனேன்.

மறுநாள் அந்த ஓட்டுநரே ஆபீசுக்கு வந்தார். ஐம்பது தாண்டிய ஒல்லியான மனிதர். நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, விபூதி வைத்திருந்தார். தன் ஊர் பரமத்தி வேலூரிலிருந்து ஒரு கவுளி வெற்றிலை கொண்டு வந்து அவள் மேஜையில் வைத்தார்.

“அடுத்து எங்கிங்க அம்மிணி லோடு? தார்ப்பாய் வேணுங்களா? மழை கிழை இருக்குதான்னு கேட்டீங்களா?” என்று மூன்று கேள்வியை அடுக்கினார்.

அவள் என் பக்கம் திரும்பிப் புருவத்தை ஒரு தடவை தூக்கிக் காட்டினாள். நான் நோட்டில் இருந்த ‘சம்மதம்’ என்பதை அடித்தேன். “இந்தம்மா யாருங்க?” என்று அவர் கேட்டார். “நாம பேசறதையெல்லாம் எழுதறாங்கண்ணா, கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர” என்றாள். அவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். “நல்லா எழுதுங்க சாமி” என்றார்.

நல்லாத்தான் எழுதினேன். பயணத்தை உறுதி செய்யும் கருவிக்கு நான் எழுதிய விளக்கத்தில் இப்படி ஒரு பத்தி இருந்தது: ‘ஓட்டுநர் ஆவட்டுங்க என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அதைச் சம்மதமாகக் கொள்ளாதே. சரக்கு, இடம், நேரம் பற்றி அவராகவே ஒரு கேள்வியாவது கேட்ட பிறகுதான் இந்தக் கருவியை இயக்கு. கேட்கவில்லை என்றால் அழைப்பை அலுவலகத்தில் உள்ளவருக்கு மாற்று.’ ஒரு சொல் கூட மிகை இல்லை. இருபது வருஷத்தில் நான் எழுதியவற்றில் இதைவிடச் சரியான பத்தி இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

சோதனை ஓட்டத்தில் ஏஜென்ட் அந்தப் பத்திக்கு எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்தது. விளைவு என்னவென்றால், அழைப்புகளில் பாதிக்குப் பாதி மேஜையில் இருந்த அந்தப் பெண்ணுக்கே திரும்பி வந்தன. அதாவது, பாதிப் பேருக்குப் போக முடியவில்லை என்பதை அந்தப் பத்தி காட்டிக் கொடுத்தது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. அவர் காசு கொடுத்து வாங்குவது ஆள் இல்லாமல் நடக்கிற வேலையை.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கீழே பல் துளைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“மேடம், நீங்க எழுதினது கரெக்ட்தான். ஆனா கஸ்டமருக்கு இது ஒத்து வரலை. பாதி கால் ஆளுக்கே போகுதுன்னா அப்புறம் ஏஜென்ட் எதுக்குன்னு கேக்கறாங்க.”

“பாதிப் பேர் சம்மதிக்கலைங்க சார். அதனாலதான் போகுது.”

“வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டுமே. வாயிருக்கு இல்ல? ஆகட்டும்னா அகராதியில என்ன அர்த்தம் போட்டிருக்கு? சம்மதம்னுதானே?”

திருச்செங்கோட்டில் பிறந்த ஆள் என்னிடம் ‘ஆவட்டுங்க’வுக்கு அகராதியைக் காட்டினார். என் வாயில் என்னவெல்லாமோ வந்தது. என் வயதில், இந்த ஊரில், இந்த வேலைக்கு இன்னோர் இடம் கிடையாது. அதை அவரும் அறிவார்.

“தெளிவா ஒரே வரியில மாத்திடுங்க மேடம். சரி, ஓகே, ஆகட்டும், எல்லாமே சம்மதம். அவ்வளவுதான். அவங்க பேசற மாதிரியே போடுங்க, உங்களுக்குத்தான் அது நல்லா வரும். சரிங்களா?”

“ஆவட்டுங்க சார்” என்றேன்.

சொல்லிவிட்டு நின்றேன். அவர் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். புரிந்தும்கொண்டார். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்வையைத் திருப்பி மடிக்கணினியில் எதையோ தட்டினார். “தேங்க்ஸ் மேடம்” என்றார். நான் என் இடத்துக்குப் போய் பழைய பத்தியை ஒரு தாளில் அச்செடுத்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, முதலில் சொன்னேனே, அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தேன். தாளை எடுத்து வைத்துக்கொண்டதால் நான் யோக்கியஸ்தி என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்மை.

ஏஜென்ட் வேலைக்கு வந்தது. அந்தப் பெண்ணை முதலில் பில் அடுக்கச் சொன்னார்கள். அப்புறம் அதற்கும் ஆள் தேவையில்லாமல் போனது. அவள் தேய்ந்த டயருக்கு ரப்பர் ஒட்டுகிற ஒரு ரீட்ரெடிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்து ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்துத்தான் எடுத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏனுங்கக்கா, அந்த ஆவட்டுங்க சமாச்சாரத்த மறக்காம எழுதிட்டீங்களா? அது ஒண்ணு இருந்தாப் போதுமுங்க. மத்ததுல தப்பு நடந்தா லோடுதான் லேட்டாகும்.”

“எழுதிட்டேனுங்க” என்றேன்.

எழுதினேன்தானே? அழித்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை. இப்படியெல்லாம் எனக்குப் பதில் சொல்லத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சில மாதம் கழித்து நடந்ததை நான் பதிவுகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். வெற்றிலை கொண்டு வந்த அந்த ஓட்டுநர் இந்தூரிலிருந்து வந்து ஒரு காலை வேளையில் சரக்கை இறக்கி முடித்தார். முடித்த கால் மணி நேரத்தில் ஏஜென்ட் போன் போட்டது. மத்தியானமே கிளம்ப வேண்டிய ஒரு லோடு, மறுபடியும் விஜயவாடாவுக்கு. போக முடியுமா என்று மிக மரியாதையாகத்தான் கேட்டது. அவர், “ஆவட்டுங்க” என்றார். ஏஜென்ட் என் வாக்கியத்தைப் படித்தது. பயணத்தை உறுதி செய்யும் கருவியை இயக்கியது. “நன்றி. உங்கள் பயணம் உறுதி செய்யப்பட்டது. ஏற்றும் இடம் உங்கள் கைபேசிக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்றது. பதிவில் அந்த இடத்தில் ‘பதில் இல்லை’ என்று இருக்கிறது. அழைப்பு அதோடு முடிந்தது.

ஊட்டுக்குப் போய் உறங்குங்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் சொல்லும் என்று அவர் கொஞ்ச நேரம் காத்திருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. சொல்லவில்லை என்றதும் வண்டியை எடுத்துவிட்டார். ஒரு தடவை ஆவட்டுங்க என்ற பிறகு கூப்பிட்டு முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. மறுநாள் நண்பகலில், நல்ல வெளிச்சத்தில், ஆந்திராவுக்குள் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் லாரி மோதியது. வேறு யாருக்கும் அடியில்லை. கேபினை வெட்டித்தான் அவரை எடுத்தார்கள். கிளட்ச் மிதிக்கிற பாதம் போய்விட்டது.

ஓய்வில்லாமல் அவரை அனுப்பியது யார் தவறு என்று ஒரு விசாரணை வைத்தார்கள். லாரி ஆபீசின் மேல் அறை. விசாரிக்க வந்தவர் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சென்னைக்காரர். முதலாளி, எங்கள் மேனேஜர், நான், ஓட்டுநர். ஓட்டுநர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி முன்னால் சாய்ந்து உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை.

“போக முடியுமான்னு கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க?” என்று சென்னைக்காரர் கேட்டார்.

“ஆவட்டுங்கன்னு சொன்னனுங்க.”

“அப்படின்னா சரின்னுதானே அர்த்தம்?”

அறையில் ஐந்து பேர். நான்கு பேருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். தெரியாத ஒருவர்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரின் கண் என் மேல் வந்து நின்றது. அடையாளம் தெரிந்ததும் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

“இந்தம்மா அன்னைக்கு அந்த அம்மிணி பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் எழுதுனாங்களுங்க. அவிகளுக்குத் தெரியும். அவிகளக் கேளுங்க” என்றார்.

சென்னைக்காரர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். என் வாக்கியம். மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார்கள்.

“இது நீங்க எழுதினதா மேடம்?”

“ஆமாங்க.”

“ஆவட்டுங்கன்னா சம்மதம்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

அதற்கு மேல் நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எழுதச் சொன்னார்கள், அதற்கு முன்னால் வேறு எழுதியிருந்தேன், இழுப்பறையில் இருக்கிறது. அவ்வளவுதான். மேனேஜர் மடிக்கணினித் திரையை மெதுவாக என் பக்கம் திருப்பினார். ஆவணத்தில் எது எப்போது மாறியது என்று பதியும் பக்கம். அதில் அன்றைய தேதியில் ஒரு வரி: ‘சம்மதச் சொற்கள் திருத்தப்பட்டன. ஆவணப் பொறுப்பாளர் ஒப்புதல் பெறப்பட்டது, வாய்மொழியாக.’ ஆவணப் பொறுப்பாளர் என்றால் நான். நான் அவரிடம் ஆவட்டுங்க சார் என்று சொல்லி நின்றபோது அவர் தட்டியது அதுதான். என் முன்னாலேயே, என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் ஆவட்டுங்கவைச் சம்மதமாகப் பதிந்திருக்கிறார். இயந்திரத்துக்காவது அர்த்தம் தெரியாது.

நான் வாயைத் திறக்கவில்லை. அவமானத்திலா, பயத்திலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயம்தான் அதிகம். ஓட்டுநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெம்பு போக எவ்வளவு நேரம் ஆகும்? சென்னைக்காரர் பேனா மூடியைத் திருகி மூடுகிற நேரம்தான் ஆனது. “சரிங்க, இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க” என்று ஓட்டுநரிடம் வாக்குமூலத் தாளை நீட்டினார். “ஆவட்டுங்க” என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார். அதையும் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பதினோரு நாள் கழித்து இழுப்பறையைத் திறந்து பழைய தாளை எடுத்தேன். பதினோரு நாள் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், வேலைக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் வந்து, அங்கிருந்து பரமத்தி வேலூர் பஸ்ஸைப் பிடித்தேன். விசாரித்துக்கொண்டு போனேன். வாழைத்தோட்டம் தாண்டி ஓர் ஓட்டு வீடு. அவர் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“வேண்டாமுங்க, உக்காருங்க” என்றேன்.

“வாங்க” என்றார். அவர் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததையெல்லாம் கொட்டினேன். தாளை விரித்துக் காட்டினேன். முதலில் எழுதியது இது, ஆவட்டுங்க என்றால் சம்மதம் இல்லை என்று இதில் தெளிவாக இருக்கிறது, என்னை மாற்றச் சொன்னார்கள், பயந்துகொண்டு மாற்றினேன், அன்றைக்கு அறையில் நான் பேசியிருக்க வேண்டும், பேசாதது தப்பு. இந்தத் தாளை ஒரு வக்கீலிடம் கொடுங்கள். எந்தக் கோர்ட்டுக்கானாலும் நான் வந்து சொல்கிறேன், வேலை போனால் போகட்டும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் தாளை வாங்கி, முதல் வரியில் விரலை வைத்துக் கடைசி வரை படித்தார். நான் எழுதியதை ஒரு மனிதர் முழுதாகப் படித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு ஏற்கெனவே இருந்த மடிப்பிலேயே அதை மடித்து, தண்ணீர்ச் சொம்பு பக்கத்தில் வைத்தார்.

“ஆவட்டுங்க” என்றார்.

நான் காத்திருந்தேன். எந்தக் கோர்ட்டு, எந்த வக்கீல், எப்ப வருவீங்க, அன்னைக்கே ஏன் சொல்லல, ஏதாவது ஒன்று கேட்பார் என்று காத்திருந்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வாசலைப் பார்த்து நின்றார். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் கேட்கவில்லை.

வாரேனுங்க என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.